பம்ப்பா, கேப்ஸ்யூலா, நெபுலைசரா?

"பம்ப் அடிச்சும் இளைப்பு குறையலைங்க" என்று சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் நாள்பட அடைபடும் நுரையீரல் நோய்) நோயாளி சொன்னால், மருந்தை மாற்றுமுன் அவர் உறிஞ்சுவதைப் பார்க்க வேண்டும். பல சமயம் மருந்து தொண்டையோடு நின்றிருக்கும்.

பம்ப்புக்கு, அதாவது அழுத்தினால் மருந்தைப் பீய்ச்சும் இன்ஹேலருக்கு, மூச்சு நிதானமாக வேண்டும். குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, நாலைந்து விநாடி மெதுவாக இழுத்து, 10 விநாடி அடக்க வேண்டும். கேப்ஸ்யூலில் உள்ள மருந்துப் பொடியை உறிஞ்சும் கருவிக்கு இது நேர் எதிர். பொடியைக் கிளப்புவதே நோயாளியின் மூச்சுதான். எடுத்த எடுப்பிலேயே பலமாக இழுத்தாக வேண்டும். காலையில் ஒன்று, இரவில் மற்றது என்று ஒருவருக்கே எழுதிக்கொடுத்தால் இரண்டும் கெடும்.

கேப்ஸ்யூலில் அழுத்துவதையும் இழுப்பதையும் ஒருசேரச் செய்யும் தொல்லை இல்லை. பொடி மிச்சமிருந்தால் கண்ணுக்குத் தெரியும், மறுபடி இழுக்கலாம். ஆனால் நோய் முற்றியவர்களுக்கும் தளர்ந்த முதியவர்களுக்கும் அந்த இழுவிசை இருக்காது. கருவிக்குள் ஊதிவிட்டால் பொடி ஈரமாகிக் கட்டிக்கொள்ளும். கேப்ஸ்யூலையே தண்ணீர் குடித்து விழுங்கிவிடுபவர்களும் உண்டு. சிரிக்க வேண்டாம், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008-ல் இதற்காக எச்சரிக்கையே வெளியிட்டது. மாத்திரைகளோடு ஒரே கவரில் போட்டுக் கொடுத்தால் வேறென்ன செய்வார்கள்?

எழுபது வயதுக்காரருக்கு என்றால் என் ஓட்டு ஸ்பேசரோடு (பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குடுவை) சேர்ந்த பம்ப்புக்கு. அழுத்திய நொடியே இழுக்க வேண்டிய அவசரம் குறையும், தொண்டையில் படிவதும் குறையும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் உண்டாகி மருந்து உள்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சட்டைப் பையில் அடங்காது, அது உண்மையான குறைதான்.

சனங்கள் நம்புவதென்னவோ மருந்து நீரைப் புகைபோல ஆக்கித் தரும் நெபுலைசரை. புகை தெரிகிறது, சத்தம் கேட்கிறது. சால்பியூட்டமால் போன்ற மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை ஸ்பேசர் வழியே ஒழுங்காக எடுத்தால் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. நெபுலைசருக்கோ மின்சாரம் வேண்டும், ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைக்க வேண்டும். இன்ஹேலரைக் கையாளவே முடியாதவர்களுக்கு மட்டும் வீட்டில் வைக்கலாம்.

"பம்ப் பழகிடும், மாத்திரையே குடுங்க" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பம்ப்பை ஒருமுறை அழுத்தினால் வரும் ஒரு பஃப்பில் சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம். 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 40 பஃப்புக்குச் சமம். கைநடுக்கமும் படபடப்பும் மாத்திரையில்தான் அதிகம்.

சொல்லிக்கொடுப்பதிலும் போட்டி உண்டு. துண்டறிக்கை வீட்டு அலமாரிக்குப் போகும். நாம் செய்து காட்டினால் தலையாட்டுவார்கள். அவர்களையே செய்யச் சொல்லிப் பார்ப்பதுதான் பலிக்கிறது; சில வாரங்களில் பழைய தப்பு திரும்பும் என்பதால் வரும்போதெல்லாம் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் வாய் கொப்பளித்துத் துப்புவதையும் சேர்த்து.

வீட்டுச் சுவரில் ஒட்ட ஒரு தாள் போதும். சளி கூடினாலோ, மஞ்சளாக, பச்சையாக மாறினாலோ, வழக்கத்தைவிட இளைத்தாலோ அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். உதடு நீலம் பூத்தால், தூக்கக் கலக்கமோ குழப்பமோ வந்தால் 108.