மலைப்பூண்டு: புவிசார் குறியீடா, சொந்தப் பெயரா?

பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டு விற்பவர்களுக்கு இரண்டு வழி. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் கிடைத்த புவிசார் குறியீட்டை (ஒரு வட்டாரத்தின் சிறப்புப் பொருளுக்குத் தரப்படும் அடையாளம்) போட்டு விற்கலாம்; இல்லை, சொந்தப் பெயரில் பாக்கெட் போடலாம்.

குறியீடு வட்டாரத்துக்கே பொது. பெயரைப் பரப்பத் தனியாகச் செலவில்லை. ஆனால் பையில் அச்சடிக்க, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிய வேண்டும். அப்புறம், பக்கத்துத் தோட்டக்காரர் சொத்தைப் பூண்டை அதே முத்திரையில் தள்ளிவிட்டால் நம் சரக்கின் மதிப்பும் சேர்ந்து இறங்கும்.

சொந்தப் பெயரில் அந்தத் தலைவலி இல்லை. புகையில் காய்ந்து பழுப்பேறிய தோலைப் பார்த்து ‘அழுக்கா இருக்கே’ என்பவருக்கு லேபிளிலேயே பதில் எழுதலாம். பெயர் ஊன்றத்தான் வருடக்கணக்கில் ஆகும்.

வடுகபட்டி பூண்டுச் சந்தையில் மூட்டையாகப் போடுபவருக்கு இரண்டுமே அவசியமில்லை. கிலோ கணக்கில் நேரடியாக விற்பவர் முதலில் குறியீட்டுக்குப் பதியட்டும். சொந்தப் பெயர் அதன் கீழே சின்னதாக இருந்தால் போதும்.