14416: மாமாவுக்காக அழைத்த எண்

மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் பலர் கேள்விப்பட்டதே இல்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய இலவசச் சேவை. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அக்காள் கணவருக்காக நான் அழைத்தேன். ஐந்துக்கு ஐந்து தருகிறேன்.

மாமா மல்லிகை விவசாயி. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். பூப் பறிப்பவருக்கு அது வழக்கமான நேரம் என்பதால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஆனால் தோட்டத்துப் பக்கமே அவர் போகவில்லை. மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் பூ என்ன விலை என்றுகூடக் கேட்கவில்லை. அழவும் இல்லை. தலை பாரம், உடம்பு வலி என்றார். பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனார். ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அழைப்பை எடுத்த பெண் அவசரப்படவே இல்லை. தூக்கம், பசி, வேலையில் நாட்டம் எல்லாவற்றையும் கேட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா என்று விசாரித்தார். பிறகு, "சாக வேண்டும் என்று ஏதாவது சொன்னாரா?" என்றார். எனக்கு நா எழவில்லை. இதைக் கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, மனம்விட்டுப் பேசத்தான் வழி பிறக்கும் என்று விளக்கினார். அடுத்த கேள்விதான் என்னை உலுக்கியது: "வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது?" அன்றிரவே டப்பாக்களைப் பெரியப்பா வீட்டில் வைத்துப் பூட்டினோம். விவசாய வீட்டின் ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் கேட்ட கேள்வி அது.

நேரில் காட்டுவதற்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவைச் சொன்னார். மாமா முரண்டு பிடித்தால், 'தூக்கம் வருவதற்கு வழி கேட்டு வருவோம்' என்று அழைத்துப் போகச் சொன்னதும் அவர்தான். அது பலித்தது. தைராய்டு குறைந்தாலும் இப்படிச் சோர்வு வரும் என்று டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனை எழுதினார். மனச்சோர்வுக்குக் கொடுத்த மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், அடிமையாக்காது, தேறிவிட்டதாகத் தோன்றினாலும் தானாக நிறுத்தக் கூடாது என்று மாமாவிடமே பொறுமையாகச் சொன்னார். மாமா இப்போது விடாமல் சாப்பிடுகிறார்.

நோயாளிதான் அழைக்க வேண்டும் என்பதில்லை, உடனிருப்பவர்களும் பேசலாம். அக்காள் பின்பு ஒரு நாள் தனக்காகவே அழைத்துப் பேசினாள்.