சொந்த ஒயினோடு கப்பல் ஏறலாமா? எந்த நிறுவனம் எத்தனை பாட்டில் விடும், எங்கே காசு கேட்கும்

சொகுசுக் கப்பலில் ஒயின் கொண்டுபோகலாமா என்று கேட்டால், போய்வந்தவர்கள் சட்டென்று சொல்வது "ஆளுக்கு ஒரு பாட்டில்". பாதி நிறுவனங்களுக்கு அது சரியான பதில். மீதிப் பாதியில் அந்தப் பதிலை நம்பிப் போனால் வாசலிலேயே பில் வரும், அல்லது பாட்டில் போய்விடும். எண்ணிக்கையைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: அந்த ஒயினை எங்கே உட்கார்ந்து குடிக்கப் போகிறீர்கள், கேபினிலா, சாப்பாட்டு மேசையிலா? இதற்கு விடை தெரிந்தால் எந்தக் கப்பல் நமக்குத் தோது என்பது பெரும்பாலும் முடிவாகிவிடும்.

முதலில் கார்னிவல். வட அமெரிக்கப் பயணிகள் பலருக்கு இதுதான் முதல் கப்பல். 21 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் 750 மில்லி ஒயினோ ஷாம்பேனோ ஒரே ஒரு பாட்டில் எடுத்துவரலாம். சீல் உடைந்திருக்கக் கூடாது. ஏறும் நாளன்று கைப்பையில்தான் இருக்க வேண்டும், அனுப்பும் பெட்டியில் அல்ல. கேபினில் குடித்தால் ஒரு காசு கிடையாது. டைனிங் ஹாலுக்கோ பாருக்கோ கொண்டுபோனால் பாட்டிலுக்கு 15 டாலர் கார்க்கேஜ், அதாவது திறந்து ஊற்றுவதற்கான கட்டணம். இரண்டாவது பாட்டில் என்ற பேச்சே இல்லை. காசு கொடுக்கிறேன் என்றாலும் விடமாட்டார்கள். பீர், விஸ்கி, ரம் எதற்கும் இடமில்லை.

ராயல் கரீபியன் இன்று ஏறக்குறைய இதே வழியில்தான் போகிறது. ஆனால் முன்பு அங்கே கணக்கு கேபினுக்கு இரண்டு பாட்டில் என்று இருந்தது. இப்போது குடிக்கும் வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒன்று. தம்பதிகளுக்கு இதில் எந்த வித்தியாசமும் தெரியாது. தனியாகப் போகிறவருக்கு ஒரு பாட்டில் நஷ்டம், ஒரே கேபினில் மூன்று பெரியவர்கள் தங்கினால் ஒரு பாட்டில் லாபம். அந்த வயதும் புறப்படும் இடத்தைப் பொறுத்தது: வட அமெரிக்காவிலிருந்து கிளம்பினால் 21, ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியாவிலிருந்து கிளம்பினால் 18.

நார்வீஜியன் இங்கேதான் தனிவழி போகிறது. எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் கொண்டுவா, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஏறும்போதே கட்டிவிடு. 750 மில்லிக்கு 15 டாலர், ஒன்றரை லிட்டருக்கு 30. கேபின் பால்கனியில் காலை நீட்டி உட்கார்ந்து குடித்தாலும் அதே கட்டணம்தான். "என் ஒயின், என் கிளாஸ், என் கேபின், நானே திறக்கிறேன், எதற்குத் திறப்புக் கூலி?" என்று எரிச்சல் வருவது நியாயமே. ஆனால் ஒருமுறை கட்டிவிட்டால் அந்தப் பாட்டிலைக் கப்பலின் எந்த உணவகத்துக்கும் கொண்டுபோகலாம், மறுபடி யாரும் கை நீட்டமாட்டார்கள். அட்டைப்பெட்டி ஒயினுக்கு மட்டும் அனுமதி இல்லை.

பிரின்சஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பெரியவர் ஒருவருக்கு ஒரு பாட்டில் கேபினில் இலவசம். அதையே டைனிங் ஹாலுக்குக் கொண்டுபோனால் 20 டாலர். கூடுதல் பாட்டில்களையும் விடுவார்கள், ஆனால் எங்கே குடித்தாலும் பாட்டிலுக்கு 20. ஹாலந்து அமெரிக்கா கப்பல்களிலும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான்.

இப்போது பென்சிலை எடுப்போம். இரண்டு பேர், ஏழு இரவு, ஆறு பாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்னிவலில் நான்கு பாட்டில் வாசலைத் தாண்டாது, அதனால் அது போட்டியிலேயே இல்லை. நார்வீஜியனில் ஆறு பதினைந்து, 90 டாலர். பிரின்சஸில் எல்லாவற்றையும் கேபினில் குடித்தால் முதல் இரண்டு இலவசம், மீதி நான்குக்கு 80 டாலர். ஆறையும் சாப்பாட்டு மேசையில் திறந்தால் 120. ஆக, கேபின் ஆட்களுக்குப் பிரின்சஸ் மலிவு, மேசை ஆட்களுக்கு நார்வீஜியன் மலிவு. கேபினிலேயே குடிப்பவர்களுக்கும் எட்டாவது பாட்டிலில் இரண்டும் 120 டாலரில் சமமாகிவிடும். ஒன்பதாவதிலிருந்து நார்வீஜியன்தான் லாபம். ஒரு வாரத்துக்கு இரண்டு பேருக்கு ஒன்பது பாட்டில் எதற்கு என்பது வேறு கேள்வி. அதை நான் கேட்கப்போவதில்லை.

வெறும் இரண்டு பாட்டில் என்றால் கணக்கு தலைகீழ். கேபினில் குடிக்க கார்னிவல், ராயல் கரீபியன், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா நான்கிலும் செலவு பூஜ்யம், நார்வீஜியனில் 30 டாலர். "நார்வீஜியன் தாராளம்" என்று சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தாராளம் என்ற சொல்லுக்கு உண்மையிலேயே பொருத்தமானது, யாரும் எதிர்பார்க்காத டிஸ்னி. குழந்தைகளுக்கான கப்பல் என்று பெயர் வாங்கிய நிறுவனம், 21 வயதான ஒவ்வொருவரையும் இரண்டு பாட்டில் ஒயினோ ஆறு பீரோ கொண்டுவர விடுகிறது. ஏறும் நாளில் மட்டுமல்ல, வழியில் நிற்கும் ஒவ்வொரு துறைமுகத்திலும். மூன்று துறைமுகம் உள்ள பயணத்தில் ஒரு தம்பதிக்கு மொத்தம் பதினாறு பாட்டில் வரை போகலாம். கேபினில் இலவசம், உணவகத்தில் கார்க்கேஜ் உண்டு. 2015 வரை விஸ்கி, ரம் கூட அங்கே கொண்டுபோக முடிந்தது. அந்த ஆண்டு அதை நிறுத்திவிட்டு ஒயினுக்கும் பீருக்கும் அளவு வைத்தார்கள். மற்ற நிறுவனங்களில் துறைமுகத்தில் வாங்கும் பாட்டிலைப் பொதுவாக ஏணிப்படியிலேயே வாங்கி, ரசீது கொடுத்து, கடைசி நாள்தான் திருப்பித் தருவார்கள். போகிற ஊரின் ஒயினை அன்றிரவே ருசிபார்க்க நினைப்பவர்களுக்கு டிஸ்னியின் இந்த ஒரு வரி மற்ற எல்லாச் சலுகைகளையும்விடப் பெரியது.

கண்டிப்பின் மறுமுனையில் எம்எஸ்சியும் கோஸ்டாவும். வெளிச்சரக்கு வேண்டாம், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால் கோஸ்டா, கார்னிவல், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா நான்கும் ஒரே தாய் நிறுவனத்தின் பிள்ளைகள். ஒரே வீட்டில் இத்தனை விதமான சட்டம். பாதுகாப்புதான் காரணம் என்றால் எல்லாக் கப்பலிலும் ஒரே விதி இருந்திருக்க வேண்டும். பயணச்சீட்டில் விட்டதைப் பாரில் பிடிப்பதுதான் இந்தத் தொழிலின் நடைமுறை. எந்தக் கப்பலில் எவ்வளவு பிடிக்கலாம் என்பதைப் பொறுத்தே விதி அமைகிறது என்பது என் கணிப்பு.

வைக்கிங் கடல் கப்பல்களில் ஒயினோ, விஸ்கி, ரம் போன்ற ஸ்பிரிட்டோ கொண்டுவரலாம், கார்க்கேஜே கிடையாது. ஆனால் அங்கே மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் ஒயின் டிக்கெட்டிலேயே அடக்கம். தேவை குறைவான இடத்தில்தான் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது.

விதி தெரிந்தும் சறுக்குவது பெரும்பாலும் பெட்டியில்தான். என் முதல் பயணத்தில் (நிறுவனத்தின் பெயர் வேண்டாம்) பாட்டிலைத் துணிக்கு நடுவில் பத்திரமாகச் சுருட்டி, அனுப்பும் பெட்டியில் வைத்துவிட்டேன். கைப்பை கனக்கக் கூடாதே என்ற புத்திசாலித்தனம். சாயங்காலம் பக்கத்துக் கேபின்களின் வாசலில் எல்லாம் பெட்டி வந்து நிற்கிறது, என் வாசல் மட்டும் காலி. விசாரித்தால் கீழ்த்தளத்தில் ஒரு அறைக்குப் போகச் சொன்னார்கள். பள்ளியில் தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்பதுபோல ஒரு வரிசை. ஒருவருடைய பெட்டியில் இஸ்திரிப்பெட்டி, இன்னொருவருடையதில் எக்ஸ்டென்ஷன் கார்டு. எனக்கு முன்னால் நின்றவர் மேசைமேல் வைத்தது வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டில். அதிகாரி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார், ஒன்றும் பேசாமல் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். பச்சை நிறம் கலந்த வோட்கா. என் ஒயின் விதிக்குள் இருந்ததால் தப்பியது, ஆனால் இரவுச் சாப்பாடு ஆறிப்போனது.

இந்த மாதிரித் தந்திரங்களுக்கு விலை கொடுப்பது எல்லாரும்தான். தண்ணீர் பாட்டிலில் மதுவை நிரப்பிக்கொண்டு வருகிறவர்கள் பெருகியதால் 2015 ஜூலையில் கார்னிவல் பாட்டில் தண்ணீருக்கும் பாட்டில் சோடாவுக்கும் சேர்த்துத் தடை போட்டது. இன்று மது அல்லாத பானமானால் கேனாக, ஆளுக்குப் பன்னிரண்டு வரை.

கார்க்கேஜ் கொடுப்பது தண்டமா என்பதையும் பார்த்துவிடலாம். ஒரு பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். 15 டாலரைப் பிரித்தால் கிளாஸுக்கு 3 டாலர், 20 என்றால் 4. கப்பல் பாரில் வாங்கும் ஒவ்வொரு கிளாஸுக்கும் விலையோடு 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் தானாகவே சேரும். அதனால் நல்ல ஒயின் என்றால் கார்க்கேஜ் கட்டியாவது மேசைக்குக் கொண்டுபோவதில் தப்பில்லை. சுமாரான ஒயினுக்குக் கட்டினால் அதன் விலையே இரட்டிப்பாகிவிடும். பானங்களுக்கு மொத்தப் பேக்கேஜ் வாங்கியவர்கள் இந்தக் கணக்கையே விட்டுவிடலாம், அவர்கள் பாட்டிலைச் சுமப்பது வீண் வேலை. மேசையில் பாதி மிஞ்சினால் பரிமாறுபவரிடம் சொல்லுங்கள். கேபின் எண்ணைக் குறித்து வைத்துவிட்டு அடுத்த இரவு கொண்டுவந்து தருவார்.

கட்டணங்கள் அடிக்கடி ஏறுகின்றன. பிரின்சஸின் இந்த 20 முன்பு 15 ஆக இருந்தது. டிக்கெட் போடும் அன்று பார்த்தது போதாது, கிளம்பும் வாரத்தில் இன்னொரு முறை நிறுவனத்தின் விதியைப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், நாங்கள் இருவர், கொண்டுபோவது இரண்டே பாட்டில். ஒன்றைக் கப்பல் கரையை விட்டு நகரும்போது பால்கனியில் திறப்போம், மற்றதைக் கடைசிக்கு முந்தின இரவு மேசைக்குக் கொண்டுபோவோம். இதற்குக் கார்னிவலில் 15 டாலர், பிரின்சஸில் 20, நார்வீஜியனில் 30. பால்கனிக்கான பாட்டில் மட்டும் திருகு மூடி போட்டதாகப் பார்த்து வாங்குவோம். கார்க் திருகியைத் தேடி கேபின் பணியாளர் வருவதற்குள் துறைமுகம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது.