விளக்குக் கம்பத்து உத்தரவுகள்: பெர்லினில் ஒரு நடை டூர்

தலைக்கு 18 யூரோ, இரண்டு மணி நேரம். கைடு இருபது நிமிடம் தாமதம். ஹெட்போனில் பாதி நேரம் இரைச்சல். டூருக்கு ஐந்தில் இரண்டு, அதுவும் தாராளம். ஆனால் காட்டிய இடத்துக்காக இதை எழுதுகிறேன்.

ஷோனெபெர்க் பகுதியில் பயரிஷர் பிளாட்ஸைச் சுற்றியுள்ள தெருக்களில், விளக்குக் கம்பங்களில் 80 பலகைகள். ரெனாட்டா ஸ்டீ, ஃப்ரீடர் ஷ்னோக் என்ற இரு கலைஞர்கள் 1993-ல் வைத்தவை. ஒரு பக்கம் பளிச்சென்று ஒரு படம். மறுபக்கம் நாஜி காலத்தில் யூதர்கள் மீது போட்ட ஓர் உத்தரவின் சுருக்கம், கீழே தேதி. முதலில் மாட்டியபோது, யாரோ யூத வெறுப்பில் செய்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் போலீஸைக் கூப்பிட்டார்களாம். இது நினைவுச் சின்னம் என்று சொல்லும் சிறு பலகை பிறகுதான் வந்தது.

நான் 31 வருஷம் அரசு அலுவலகத்தில் உத்தரவுகளைத் தட்டச்சு செய்தவன். ரொட்டிப் படத்துக்குப் பின்னால் இருந்ததைப் படித்ததும் விரல்கள் தானாக அசைந்தன: பெர்லினில் யூதர்கள் மாலை 4 முதல் 5 மணி வரை மட்டுமே உணவுப் பொருள் வாங்கலாம், 4.7.1940. அந்த 'மட்டும்' எனக்கு நன்றாகப் பழக்கம். திட்டு இல்லை, ஆவேசம் இல்லை. 4 மணிக்குள் கடையில் என்ன மிஞ்சியிருக்கும் என்பது உத்தரவு போட்டவருக்குத் தெரியாதா?

அதே மாதம் 29-ம் தேதி, யூதர்களின் தொலைபேசி இணைப்புகளைத் தபால் துறை ரத்து செய்கிறது. 1942-ல் செல்லப்பிராணி வளர்க்கத் தடை, 22.6.1942 முதல் முட்டை கிடையாது. முட்டைக்குக்கூட ஒரு கோப்பு திறந்திருப்பார்கள். வரைவு, ஒப்புதல், கையெழுத்து, நகல் யார் யாருக்கு என்ற பட்டியல்.

இதற்கெல்லாம் அடித்தளம் எப்படிப் போட்டார்கள் என்பதைக் கைடு இரண்டு நிமிடத்தில் ஓட்டிவிட்டார். 1933 மார்ச்சில், நாடாளுமன்றம் இல்லாமலே சட்டம் போடும் அதிகாரம் ஹிட்லரின் அமைச்சரவைக்குக் கிடைத்தது, அதுவும் நாடாளுமன்றமே ஓட்டுப் போட்டுக் கொடுத்தது. இரண்டே வாரத்தில், ஏப்ரல் 7 அன்று, யூத அரசு ஊழியர்களை வெளியேற்றும் சட்டம். நீதிபதிகளும் அதில் அடக்கம். 1935 நூரெம்பெர்க் சட்டங்கள் குடியுரிமையைப் பறித்தன. யூதர் யார் என்று தீர்மானிக்கத் தாத்தா பாட்டியின் மதத்தை எண்ணினார்கள். ஆக, பரிசோதித்ததெல்லாம் பழைய பதிவேடுகளை. முட்டை, பூனையெல்லாம் அதற்கப்புறம் வெறும் சுற்றறிக்கை வேலைதான்.

தொலைபேசிப் பலகையின் கீழே நான் நின்றுவிட்டேன். 'உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும்' என்ற கடிதத்தை யாரோ ஒரு தட்டச்சர் அடித்திருப்பார், பிழை திருத்தி, கார்பன் தாள் மாற்றி. மாலையில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார். ஹெட்போனில் கைடு "சீக்கிரம் வாங்க" என்றார்.

டூர் வேண்டாம். பயரிஷர் பிளாட்ஸ் நிலையத்தில் இறங்கி நீங்களே நடங்கள், காசு கிடையாது. பலகைகள் உயரத்தில் இருக்கின்றன, கழுத்து வலிக்கும். அண்ணாந்து பார்த்தபடியே சைக்கிள் பாதையில் கால் வைத்துவிடாதீர்கள். எனக்கு இரண்டு தடவை மணி அடித்தார்கள்.