சர்வே ஸ்கிரிப்டில் எந்த ஐடி: வரிசை எண்ணா, வார்டு-வீடு எண்ணா, யூயூஐடியா?

சென்னையில் ஒரு வீட்டுச் சர்வே முடிந்திருக்கிறது. வீடுகள் ஒரு கோப்பில், வீட்டு உறுப்பினர்கள் இன்னொரு கோப்பில். இரண்டையும் சேர்க்க வேண்டும், களத்திலிருந்து வரும் திருத்தங்களையும் போட வேண்டும். இரண்டுக்கும் ஐடி தேவை. எதை ஐடியாக வைப்பது?

தரவைச் சரிசெய்யும் ஸ்கிரிப்டிலேயே 1, 2, 3 என்று வரிசை எண் போட்டுக்கொள்வது சுலபம், ஆனால் நிற்காது. நாளைக்கு நாலு ரெகார்டு கூடுதலாக வந்தாலோ, யாராவது வேறு வரிசையில் அடுக்கினாலோ நேற்றைய 57 இன்றைய 57 இல்லை. கோபோ என்ற சர்வே செயலியின் ஏற்றுமதியில் வரும் இண்டெக்ஸ் எண்ணும் இதே ரகம்தான்: ஒரே கோப்புக்குள் உள்ள தாள்களை இணைக்கலாம், அதைத் தாண்டி நம்பக் கூடாது.

அடுத்தது வார்டு, பகுதி, வீடு, உறுப்பினர் எண்களைக் கோத்து எடுக்கும் ஐடி. என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். பார்த்தாலே எந்த வீடு என்று தெரியும், சூப்பர்வைசரிடம் போனில் சொல்லலாம். தேசியக் குடும்ப நல ஆய்வின் கோப்புகளிலும் பகுதி, வீடு, உறுப்பினர் வரிசை ஆகிய மூன்றும் வி001, வி002, வி003 எனத் தனித்தனியாகவே இருக்கும்.

சிக்கல் ஒட்டும் இடத்தில்தான். 7-வது வார்டில் 112-வது வீடு, 71-வது வார்டில் 12-வது வீடு. அப்படியே ஒட்டினால் இரண்டும் 7112. திருவொற்றியூர் வீடும் திரு.வி.க. நகர் வீடும் ஒன்றாகிவிடும்! மாநகராட்சியில் 200 வார்டுகள் இருப்பதால் வார்டுக்கு மூன்று இலக்கம், வீட்டுக்கும் மூன்று இலக்கம் என்று பூஜ்யம் சேர்த்தே ஒட்ட வேண்டும்: 007112, 071012. ஆனால் அந்தப் பூஜ்யத்தை எக்செல் தின்றுவிடும். பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸும் சொல்லாவிட்டால் எண்ணாகவே படிக்கும். படிக்கும்போதே உரை என்று அறிவித்துவிடுங்கள்.

எண்ணாகவே வைத்துக்கொண்டால் என்ன? ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் வகை சொல்லாமல் புது மாறி உருவாக்கினால் ஃப்ளோட் என்ற தசம எண் வகையாகத்தான் உருவாகும். அது முழு எண்களை 1,67,77,216 வரைதான் விடாமல் பிடிக்கும். ஒரு வீட்டின் (வார்டு 71, பகுதி 04, வீடு 012) ஐந்து பேருக்கு 710401201 முதல் 710401205 வரை ஐடி கொடுத்துப் பாருங்கள். ஐந்தும் 710401216 ஆகிவிடும். எர்ரர் எதுவும் வராது, அதுதான் கொடுமை.

இன்னொன்று, வார்டு எண்ணே மாறக்கூடியது. 2011 விரிவாக்கத்தில் 155 வார்டுகள் 200 ஆனபோது பழைய எண்கள் இடம் மாறின. பல ஆண்டுகள் அதே வீடுகளுக்குத் திரும்பப் போகும் சர்வே என்றால், ஐடியில் இருப்பது முதல் சுற்றின் வார்டு எண் என்று எழுதி வையுங்கள்.

மூன்றாவது, ஓடிகே, கோபோ போன்ற செயலிகள் படிவத்துக்குத் தாமாகவே போடும் 36 எழுத்து யூயூஐடி. இரண்டு படிவங்களுக்கு ஒன்றே வருவதற்கு வாய்ப்பு இல்லையென்றே சொல்லலாம். அதுவே இதன் பலவீனமும். களப்பணியாளர் ஒரே வீட்டுக்கு இரண்டு முறை படிவம் நிரப்பினால் இரண்டு யூயூஐடி கிடைக்கும். டூப்ளிகேட் சோதனை சமர்த்தாகப் பாஸ் ஆகும். வீடு மட்டும் இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கும்.

அப்படியானால் இதைத் தூக்கிப் போடலாமா? கூடாது. 071012 என்ற ஐடி இரண்டு ரெகார்டில் இருக்கிறது, அதில் ஒன்று உண்மையில் 071021 என்று வைத்துக்கொள்வோம். ‘ஐடி 071012 என்றால் 071021 ஆக மாற்று’ என்று திருத்த வரி எழுதினால் சரியான ரெகார்டும் சேர்ந்து மாறும். தப்பே ஐடியில் இருக்கும்போது அந்த ஐடியை வைத்து அதைத் திருத்த முடியாது. அதனால் திருத்த வரிகள் எல்லாம் யூயூஐடியைப் பிடித்தே போகட்டும். திருத்தம் முடிந்ததும் கோத்த ஐடியைப் புதிதாக உருவாக்கி, டூப்ளிகேட் இருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும்படி ஒரு வரி. அதன் பிறகுதான் இரண்டு கோப்புகளையும் சேர்க்கும் மெர்ஜ்.

போன் நம்பரை ஐடியாக வைக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். வீட்டுக்கே ஒரு போன் இருக்கும் இடத்தில் அது ஆளைக் காட்டாது. காட்டும் இடத்தில் அந்தரங்கத்தையும் சேர்த்துக் காட்டிவிடும்.

கோப்பை வெளியே கொடுக்கும்போதும் இதே கவலைதான். வார்டு-வீடு எண், யூயூஐடி இரண்டையும் எடுத்துவிட்டு, வரிசையைக் கலைத்த பிறகு புது எண் போடுங்கள். கலைக்காமல் போட்டால் எண்ணின் வரிசையே வார்டைச் சொல்லிவிடும்.