தமிழ் ஃபீஸ்ட்ஸ்: மெல்பேர்னில் அகதிகள் நடத்திய விருந்து

மெல்பேர்ன் நகரின் வடக்கே, கிழக்கு பிரன்ஸ்விக்கில், மெரி ஓடையை ஒட்டியுள்ள செரீஸ் சுற்றுச்சூழல் பூங்காவில் 2015 ஆம் ஆண்டு தொடங்கிய ‘தமிழ் ஃபீஸ்ட்ஸ்’ என்ற விருந்து முயற்சியை உணவகம் என்ற அளவுகோலை மட்டும் கொண்டு மதிப்பிட முடியாது. குடிவரவுத் தடுப்பு நிலையங்களில் நீண்ட காலம் அடைபட்டிருந்து வெளியே வந்த ஈழத்தமிழ் ஆண்கள் சிலர், குறித்த சில இரவுகளில் அங்கே சமைத்து, முன்பதிவு செய்து வருவோருக்குப் பரிமாறி, அதையே தங்கள் வருவாய்க்கான வழியாக்கிக்கொண்டார்கள். அகதிகளைத் தொழில் தொடங்க வைப்பதாகச் சொல்லும் திட்டங்கள் இந்த நகரத்தில் குறைவில்லை. மொழிபெயர்ப்பாளராக அவற்றில் சிலவற்றின் வகுப்புகளில் அமர்ந்திருந்தவள் என்பதால், அங்கு உண்ட சோற்றையும் அந்தச் சோற்றுக்குப் பின்னால் இருந்த உதவியின் முறையையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

முதலில் சாப்பாடு. பட்டியலைப் பார்த்துத் தெரிவுசெய்யும் வழக்கம் அங்கு இல்லை. அன்றைக்குச் சமைத்ததை எல்லோரும் சாப்பிட வேண்டியதுதான். நான் போன இரவில் சோற்றுடன் பருப்பு, கத்தரிக்காய்க் கறி, ஒரு வறை, சம்பல், அப்பளம் ஆகியவை வந்தன. பருப்பு குழைந்துபோகாமல், தேங்காய்ப்பாலில் கடைசியாக ஒரு கொதி மட்டும் கண்டு, வெங்காயமும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் தாளித்துக் கொட்டப்பட்டிருந்தது. கத்தரிக்காயைப் பொரித்தெடுத்த பின்பே பழப்புளி விட்டுச் சமைத்திருந்தார்கள். அவசரமாக இயங்கும் சமையலறைகளில் முதலில் கைவிடப்படுவது இந்தப் பொரிப்புத்தான் என்பதை, மண்டபச் சாப்பாட்டில் வெந்து கூழான கத்தரிக்காயைத் தின்று சலித்தவர்கள் அறிவார்கள். எங்கள் ஊர் வீடுகளில் குசினியை எட்டிப்பாராத ஆண்களே அதிகம் என்பதால், இந்தக் கைப்பக்குவம் எனக்குக் கொஞ்சம் வியப்பாகவே இருந்தது.

பரிமாறும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர் அல்லர். ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து, சிலர் கரண்டியாலும் சிலர் தயங்கித் தயங்கிக் கையாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சமைத்தவர்களே உள்ளிருந்து வந்து, எந்தக் கறி உறைக்கும், எதை எதோடு சேர்த்துப் பிசைய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். என் பக்கம் வந்த தம்பி, “சாப்பாடு காணுமோ அக்கா, இன்னும் கொஞ்சம் போடட்டே?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் ஒரு கரண்டி சோற்றைப் போட்டுவிட்டுப் போனார். அலுவலகங்களில் படிவத்தோடு வரிசையில் நின்று, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லிப் பழகிய ஒருவர், அங்கே வீட்டுக்காரராக நின்று விருந்தினரை உபசரித்தார். அவர் எந்தப் படகில் வந்தார், எத்தனை ஆண்டு உள்ளே இருந்தார் என்பதெல்லாம் அந்தச் சாப்பாட்டோடு சேர்த்து விற்கப்படவில்லை. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். அகதிகளின் பெயரில் நடக்கும் நிகழ்ச்சிகளில் மேடையேற்றிக் கண்ணீர்க்கதை கேட்கும் வழக்கத்தைப் பார்த்துச் சலித்த எனக்கு இது பெரிய ஆறுதல்.

இந்த முயற்சிக்கு செரீஸ் செய்த உதவி என்ன என்பதே, பிற அமைப்புகள் கவனிக்க வேண்டிய பகுதி. கற்குழியாகவும் பின்னர் குப்பைமேடாகவும் கிடந்த நிலத்தில் 1982 இல் அந்தச் சுற்றாடல் மக்களால் தொடங்கப்பட்ட செரீஸ், இன்று ஏறத்தாழ 4.5 ஹெக்டேயரில் தோட்டம், நாற்றுமேடை, கடை, சிற்றுண்டிச்சாலை எனப் பலவற்றை நடத்துகிறது. ஆகவே சட்டப்படி இயங்கும் சமையலறையும், உட்கார இடமும், எப்படியும் அங்கு வந்துபோகும் மக்கள் கூட்டமும் அதனிடம் ஏற்கனவே இருந்தன. சமையலை அது தன் கையில் எடுத்துக்கொள்ளாமல், தன்னிடம் இருந்தவற்றைப் பயன்படுத்த விட்டது.

இதன் அருமை, வேறொரு திட்டத்தின் வகுப்பில் நான் கண்டதோடு ஒப்பிட்டால் விளங்கும். அங்கே பயிற்சியாளர் சந்தை ஆய்வு, இலக்கு வாடிக்கையாளர், மூன்றாண்டு வரவுசெலவுக் கணிப்பு என்று திரையில் காட்டிக்கொண்டே போக, முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி என் வழியாக ஒரேயொரு கேள்வி கேட்டார்: “இடியப்பம் அவிச்சு விக்கலாம், ஆனா வாடகை வீட்டுக் குசினியிலை செய்ய விடுவினமோ?” நியாயமான கேள்வி. விக்டோரியா மாநிலத்தில் 1984 ஆம் ஆண்டின் உணவுச் சட்டப்படி, சமைத்த உணவை விற்பவர் உள்ளூராட்சி மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். சமையலறை அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வாடகை வீடென்றால் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தையும் பார்க்க வேண்டும். பயிற்சியாளர் அந்தக் கேள்வியைக் கடைசி வாரத்துக்கு ஒத்திவைத்தார். இறுதியில் அந்த அம்மாவுக்கு அழகான சான்றிதழ் கிடைத்தது, குசினி கிடைக்கவில்லை.

விசாவின் கணக்கு இதைவிடக் கடினமானது. 2012 ஓகஸ்ட் 13 க்குப் பின் படகில் வந்தவர்களில் பலர், வேலை செய்யும் உரிமையே இல்லாத பிறிட்ஜிங் விசாவில், அதாவது கோரிக்கைக்கு முடிவு வரும்வரை தங்க விடும் இடைக்கால விசாவில், முதலில் விடப்பட்டார்கள். 2014 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின் கீழ் அகதியாக ஏற்கப்பட்டவருக்கும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுத் தற்காலிக விசாவே கிடைத்தது. இந்த நாட்டில் கடை வாடகை ஒப்பந்தம் வழக்கமாக ஐந்து ஆண்டுக்கு எழுதப்படும்போது, மூன்றாண்டு விசா வைத்திருப்பவரை நம்பிக் கடை உரிமையாளர் எப்படிக் கையெழுத்திடுவார், வங்கி எப்படிக் கடன் கொடுக்கும்? ஏற்கனவே இயங்கும் ஓரிடத்தில், சில இரவுகளுக்கு மட்டும், முன்பதிவுப் பணத்தைக் கொண்டு சமைப்பது இந்த இரு தடைகளையும் தாண்டாமலே சுற்றிக்கொண்டு போகும் வழி. 2023 பெப்ரவரியில், அத்தகைய தற்காலிக விசாவில் இருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கான வழியை அரசு திறந்தது. படகில் வந்தவர்களின் கோரிக்கைகளை விரைவாகத் தீர்ப்பதற்கென்று வைத்த ‘விரைவு நடைமுறை’யில் நிராகரிக்கப்பட்டவர்களுக்கு அந்த அறிவிப்பில் இடமில்லை.

வாரத்தில் சில இரவுகள் நடக்கும் விருந்து சிலருக்குத்தான் சம்பளம் கொடுக்க முடியும். அதை ஆயிரம் பேருக்கான திட்டமாகப் பெருக்க முயன்றால், வீட்டுக்காரர் விருந்தினரை உபசரிக்கும் அந்தத் தன்மையே போய்விடும். முன்வந்தவர்கள் எல்லாரும் ஆண்களாக இருந்ததால், நான் மேலே சொன்ன பெண்மணி போன்றவர்களுக்கு இந்த வடிவம் அப்படியே பொருந்துமா என்ற கேள்வியும் எனக்கு உண்டு. பிள்ளைகளை விட்டுவிட்டு இரவு வேலைக்கு வருவது எல்லாத் தாய்மாருக்கும் இயலாது. அதே 2015 இல் இதே நகரில் தொடங்கிய ‘ஃப்ரீ டு ஃபீட்’, அகதிகளையே ஆசிரியர்களாக வைத்துச் சமையல் வகுப்பு நடத்துகிறது. பெண்களுக்கு அந்த வழி இலகுவாக இருக்கலாம். ஆனால் வகுப்பில் ஆசிரியரின் கதையும் பாடத்தின் ஒரு பகுதியாகிவிடுவதால், பேசத் தயங்குபவர்களுக்கு விருந்து முறையே நல்லது என்பது என் எண்ணம்.

போக விரும்புவோர் விருந்து இப்போதும் நடக்கிறதா, எந்த நாள்களில் உண்டு என்பதை முதலில் விசாரித்து, பதிவு செய்துகொண்டே போக வேண்டும். மரக்கறியே முதன்மை என்பதால் சைவக்காரரைத் தயங்காமல் கூட்டிக்கொண்டு போகலாம். ஆங்கிலேய நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போகலாம். யாழ்ப்பாணத்து நண்டுக்கறியும் ஒடியல் கூழும்தான் வேண்டும் என்று நிற்பவர்கள் மெல்பேர்னின் தென்கிழக்கே உள்ள டண்டினோங் பக்கம் தேடிப் பார்ப்பது நல்லது.