செமாக்ளூடைட் மாத்திரை நீண்ட நாள் அனுபவம்: பசியோட சேந்து இன்ஃபிளமேஷனும் இறங்குச்சு

சுகருக்காக டாக்டர் எழுதிக் குடுத்து இந்த மாத்திரை போட ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகுதுங்க. வெயிட் குறையறதப் பத்தி எல்லாரும் பேசறாங்க, எச்எஸ்-சிஆர்பி என்னாச்சுன்னு யாருமே கேக்கறதில்ல, எனக்கு அதான் பெரிய விஷயம். உடம்புக்குள்ள இன்ஃபிளமேஷன், அதாவது அழற்சி, எவ்வளவுன்னு ரத்தத்துல பாக்கற டெஸ்ட் அது, 1க்குக் கீழ இருந்தா நல்லது, 3க்கு மேல போனா ஹார்ட்டுக்கு ரிஸ்க். எனக்கு 6ஐத் தாண்டி இருந்தது இப்ப 2 கிட்ட வந்து நிக்குது.

கொழுப்பு சும்மா தொங்கற சதை இல்லீங்க, அது ஹார்மோன் சுரக்குது. லெப்டின்னு ஒண்ணு, 1994ல கண்டுபிடிச்சாங்க, சேத்து வச்சது போதும் சாப்பாட்டக் குறைன்னு மூளைக்குச் சொல்றது அதோட வேலை. உடம்பு பெருத்தவங்களுக்கு லெப்டின் எக்கச்சக்கமா இருக்கும் ஆனா மூளை அதக் காதுல வாங்காது, வெள்ளை அணுக்கள் மட்டும் நல்லா வாங்கிக்கிட்டு டிஎன்எஃப், ஐஎல்-6னு இன்ஃபிளமேஷனக் கிளப்பற சமாச்சாரத்தையெல்லாம் விட்டுட்டே இருக்கும். பசியும் அடங்காது, உள்ள இருக்கற புகைச்சலும் அடங்காது. இதப் புரிஞ்சுகிட்டப்புறம் தான் உடம்பப் பெருக்க வச்சதுக்கு வாயக் கட்டாதவன்னு யாரையும் திட்டக்கூடாதுன்னு தோணுச்சு.

செமாக்ளூடைட் குடல்ல சுரக்கற, பசிய அடக்கற ஜிஎல்பி-1ங்கற ஹார்மோன் மாதிரி வேலை செய்யுது. 2023ல வந்த செலக்ட் ஆய்வுல, சுகர் இல்லாத ஆனா ஏற்கனவே ஹார்ட் இல்லன்னா ரத்தக்குழாய் பிரச்சனை இருந்த 17,604 பேர்ல, இதே மருந்த வாராவாரம் ஊசியா போட்டவங்களுக்கு, மருந்தில்லாத ஊசி போட்டவங்கள விட மாரடைப்பு, ஸ்ட்ரோக், இதயநோய் சாவு மூணும் சேத்து 20 சதவீதம் கம்மி, சிஆர்பியும் நல்லா இறங்கியிருந்துச்சு. அது ஊசி, டோஸும் வேற. எனக்கு இறங்கினதுல வெயிட் குறைஞ்சதோட பங்கு எவ்வளவு மருந்தோட பங்கு எவ்வளவுன்னு பிரிக்க முடியாது.

காலைல வெறும் வயித்துல அரை டம்ளர் தண்ணியோட போடணும், அப்புறம் அரை மணி நேரம் எதுவும் கூடாது, ஏற்காட்டுக் காபித்தூள் டிகாஷன் இறங்கற வாசம் அடுப்படில இருந்து வந்தாலும் உக்காந்துதான் இருக்கணும். டோஸ் 3 மில்லிகிராம்ல இருந்து 7க்கு ஏத்தினப்போ குமட்டல் ஜாஸ்தி, அந்த சமயத்துல ஏற்காடு பஸ் ஏறிராதீங்க, 20 கொண்டை ஊசி வளைவு தாங்காது. சாயங்காலம் தட்டுவடை செட் இன்னும் சாப்பிடறேன், பீட்ரூட் கேரட் துருவலோட ஒரு பிளேட் முடிஞ்சதும் கை தானா நின்னுருது, முன்னெல்லாம் அடுத்த பிளேட்ட சொல்லிட்டுத்தான் முதல் பிளேட்டயே எடுப்பேன்.

சிஆர்பி பாக்கறவங்க சளி காய்ச்சல் இருக்கறப்போ பாக்காதீங்க, ஏறித்தான் காட்டும். கணையத்துல வீக்கம் வந்திருந்தாலோ குடும்பத்துல யாருக்காவது தைராய்டு கேன்சர் இருந்தாலோ மருந்து எழுதறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிருங்க.